நோர்மல் என்று வந்த கிரியாட்டினின்

வயதானவர்களின் இரத்தப் பரிசோதனைத் தாளில் நான் லேசில் நம்பாத சொல் ஒன்று உண்டென்றால் அது "நோர்மல்". சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அளக்கிற கிரியாட்டினினுக்குப் பக்கத்தில் அந்தச் சொல் இருந்தால் இன்னும் கொஞ்சம் யோசிப்பேன்.

வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். காய்ச்சல், சளி, சலக்கடுப்பு, காலில் ஆறாத புண் என்று வருகிற அப்புமாரும் ஆச்சிமாரும்தான் எங்கள் வாட்டில் பெரும்பகுதி. அநேகமாக எல்லோருக்கும் ஏதாவதோர் அன்ரிபயோட்டிக் ஏறும். அதன் அளவைச் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் எழுதவேண்டும் என்பது மருத்துவ மாணவனுக்கும் தெரியும். நாங்களும் பார்த்துத்தான் எழுதுகிறோம். ஆனால் அநேகமாக ஒரு தரம்தான் பார்க்கிறோம், வந்த அன்று. அன்றைக்கு எழுதின டோஸ் மருந்து அட்டையில் அப்படியே ஐந்து நாள், ஏழு நாள் ஓடும். இதனால் இரண்டு எதிரெதிரான கேடு வருகிறது. தண்ணீர் வற்றி, கிரியாட்டினின் ஏறி வந்தவருக்கு மருந்தைக் குறைத்துவிடுகிறோம். சேலைன் ஏறி, மூன்றாம் நாள் சிறுநீரகம் தேறிய பிறகும் அவருக்குக் குறைந்த டோஸ்தான் போகிறது. இன்னொருவர் நல்ல எண்ணோடு வருகிறார், முழு டோஸ் எழுதுகிறோம். நாலாம் நாள் சிறுநீரகம் படுத்த பிறகும் அதே முழு டோஸ்.

ஒரு ஆச்சியை வைத்துச் சொல்கிறேன். அவர் ஒருவரல்ல, நான் பார்த்த பலரைச் சேர்த்துச் செய்த ஒருவர். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமம். இரண்டு நாள் காய்ச்சல், சலம் எரிவு, அன்று விடியத்தொடக்கம் மாறாட்டமாகக் கதைக்கிறா என்று மகள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கிரியாட்டினின் 88 மைக்ரோமோல். பழைய அலகில் சொன்னால் 1.0 மில்லிகிராம். தாளில் அச்சடித்த எல்லைக்குள்தான் இருந்தது.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசைக்குள் எந்நேரமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் உண்டாகி இரத்தத்தில் கலக்கும், சிறுநீரகம் அதை வெளியேற்றும். அதைக் குளத்து மட்டம்போல நினைத்துக்கொள்ளுங்கள். மட்டத்தை மட்டும் பார்த்து, துருசால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல்ல முடியாது. குளத்துக்குள் எவ்வளவு வருகிறது என்பதும் தெரியவேண்டும். வரத்து நல்லாய் இருந்து போக்கும் நல்லாய் இருந்தாலும் மட்டம் நடுவில் நிற்கும். வரத்தும் சொட்டு, போக்கும் சொட்டு என்றாலும் அதே இடத்தில்தான் நிற்கும். எலும்பும் தோலுமாய் இருக்கிற ஆச்சிக்கு வரத்துச் சொட்டு. அவருடைய 88உம் வயல் உழுகிற பொடியனின் 88உம் ஒன்றல்ல. இன்னொன்று, துருசை இன்று காலை அடைத்தாலும் மட்டம் உடனே ஏறாது. சிறுநீரகம் முழுதாக நின்றுபோனாலும் முதல் சில மணித்தியாலம் கிரியாட்டினின் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். அது ஏறி நாங்கள் கவனிக்க ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகிவிடும்.

அதனால்தான் கிரியாட்டினினை அப்படியே எடுக்காமல் ஒரு சூத்திரத்துக்குள் போடுகிறோம். மருந்தளவுக்கு இன்னும் அதிகம் பாவிப்பது கொக்ரொஃப்ட், கோல்ட் என்ற இரு கனடிய மருத்துவர்கள் 1976இல் வெளியிட்டது. 140இலிருந்து வயதைக் கழித்து, கிலோவிலுள்ள எடையால் பெருக்கி, ஆணென்றால் 1.23ஆலும் பெண்ணென்றால் 1.04ஆலும் பெருக்கி, மைக்ரோமோலில் உள்ள கிரியாட்டினினால் வகுக்கவேண்டும். வருவது சிறுநீரகம் நிமிடத்துக்கு இத்தனை மில்லிலீற்றர் இரத்தத்தைச் சுத்தமாக்குகிறது என்ற துப்புரவு வேகம். இதற்கு அடிப்படையானவர்கள் 249 பேர், எல்லோரும் ஆண்கள். பெண்களுக்குத் தசை குறைவு என்பதால் 15 சதவீதம் கழித்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள், அவ்வளவுதான். ஐம்பது வருசமாக உலகத்து ஆச்சிமாருக்கெல்லாம் அந்தக் கழிவோடுதான் மருந்து போகிறது.

சூத்திரம் வயதைக் கேட்கிறது. வன்னியில் அது சின்ன விசயமில்லை. ஆச்சியின் அடையாள அட்டைப்படி வயது 74. பிறப்புப் பத்திரம் இடம்பெயர்ந்ததில் போய்விட்டது. மகளைக் கேட்டேன்.

"அறுபத்திநாலாம் ஆண்டுச் சூறாவளிக்கு நான் கைப்பிள்ளை எண்டு அம்மா சொல்லுறவ, டொக்டர். என்னைத் துணியில சுத்தி வைச்சுக்கொண்டு இரவிரவாய்க் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவவாம்."

அட்டை சரியென்றால் 1964 மார்கழிச் சூறாவளிக்கு ஆச்சிக்கு 13 வயது. கைப்பிள்ளையோடு நின்றிருக்க முடியாது. அப்போது இருபது என்று வைத்தால் இப்போது 81.

சரி, எடை? மகள் "ஒரு அம்பது கிலோ இருக்கும்" என்றார். ஆச்சியால் நிற்க முடியாது, படுக்கவைத்து நிறுக்கிற கட்டில் எங்களிடம் இல்லை. பேரனைத் தராசில் ஏற்றி, பிறகு ஆச்சியைத் தூக்கிக்கொண்டு ஏறச்சொல்லி, கழித்துப் பார்த்தோம். 38 கிலோ.

கணக்குப் போட்டால், 81 வயது, 38 கிலோ, 88 கிரியாட்டினின்: நிமிடத்துக்கு 26 மில்லிலீற்றர். அட்டை வயதைப் போட்டிருந்தால் ஏறக்குறைய 30. மகள் சொன்ன எடையைப் போட்டிருந்தால் 35. வயதில் ஏழு வருசம் பிழைத்தாலும் கணக்கு நாலு புள்ளிக்குள்தான் ஆடுகிறது, எடையை ஊகித்தால் ஒன்பது புள்ளி ஆடுகிறது. ஆகவே இரவுக் கடமையில் நேரம் இல்லாதபோது பிறந்த வருசத்தைத் துருவுவதை விட்டுவிட்டுத் தராசைத் தேடுங்கள் என்று புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்வேன்.

இப்போது அநேக ஆய்வுகூடங்கள் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று, சிறுநீரகம் வடிக்கிற வேகத்தை மதிப்பிடுகிற இன்னொரு எண்ணையும் தாங்களே அச்சடித்துத் தருகின்றன. அது வேறு சூத்திரம். 2009இல் வந்து 2021இல் திருத்தப்பட்ட சீ.கே.டி.-எபி என்பதுதான் இன்று பரவலானது. அதற்கு எடை தேவையில்லை, அதனால்தான் ஆய்வுகூடத்தால் அச்சடிக்க முடிகிறது. ஆச்சிக்கு அது தருவது 57! அந்த 57, உடற்பரப்பு 1.73 சதுர மீற்றர் உள்ள ஒருவருக்கென்று சரிக்கட்டிய எண். ஆச்சியின் உயரத்துக்கும் எடைக்கும் பரப்பு 1.25தான் வரும். அதற்கேற்ப மாற்றினால் 57 என்பது 41 ஆகிவிடுகிறது. ஒரே இரத்தத்துளியிலிருந்து 57, 41, 26. சிறுநீரக நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க 57 போதும். மருந்தளவுக்குக் குள்ளமான, மெலிந்த ஒரு மனுசியிடம் அதை நேரே கொண்டுபோகக் கூடாது.

இது வெறும் கணக்குச் சண்டை இல்லை. மெரோபெனம் என்ற ஊசி 50க்கு மேலே என்றால் 8 மணித்தியாலத்துக்கு ஒரு கிராம், 26இலிருந்து 50 வரை 12 மணித்தியாலத்துக்கு ஒரு கிராம், அதற்குக் கீழே இறங்கினால் அரைக் கிராம். அதாவது ஆச்சிக்கு ஒரு நாளைக்கு மூன்று கிராமா, இரண்டா என்பது எந்தச் சூத்திரத்தைத் திறந்தோம் என்பதில் இருக்கிறது. சலக்கிருமிக்குக் கொடுக்கிற நைற்றோஃபியூரன்ரொயின் குளிசையும் இப்படித்தான். சிறுநீரகம் வடித்து அனுப்பினால்தான் அது சலத்தில் சேர்ந்து வேலை செய்யும். சிறுநீரகம் பலவீனமென்றால் சலத்தில் மருந்து போதாது, இரத்தத்தில் தங்கி நரம்பைப் பழுதாக்கும். பிரித்தானியாவில் ஈ.ஜி.எஃப்.ஆர். 45க்குக் கீழே பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அமெரிக்க முதியோர் மருத்துவப் பட்டியல் துப்புரவு வேகம் 30க்குக் கீழே வேண்டாம் என்கிறது. 57ஐ நம்பினால் தாராளமாக எழுதலாம். 26 என்றால் இரண்டு பட்டியலும் தடுக்கும்.

எந்த எண்ணைப் பிடிப்பது? நான் கொக்ரொஃப்ட்–கோல்ட்டோடு நிற்கிறேன். அது திறமான சூத்திரம் என்பதற்காக இல்லை. பழைய அன்ரிபயோட்டிக்குகள் பலவற்றின் டோஸ் அட்டவணைகளை அந்தக் கணக்கை வைத்துத்தான் செய்தார்கள். அட்டவணை எந்த முழத்தால் அளந்ததோ அதே முழத்தால் நானும் அளக்கவேண்டும். கிரியாட்டினின் மிகக் குறைவாக வந்தால் அதை 88 ஆக உயர்த்திப் போடு என்று சிலர் பழக்கத்தில் சொல்வார்கள். நான் செய்வதில்லை. வந்த எண்ணைப் போட்டு, விடையைச் சந்தேகத்தோடு வைத்துக்கொள்வது மேல்.

இனி முதல் டோஸ். நான் வாட்டில் அதிகம் வாதாடுவது இதற்காகத்தான். முதல் டோஸுக்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. மருந்து உடம்பு முழுக்கப் பரவி, கிருமியை அடக்குகிற அளவுக்கு நிரம்பவேண்டும். அந்த நிரப்பலைத் தீர்மானிப்பது உடம்பின் கொள்ளளவு. சிறுநீரகம் தீர்மானிப்பது அடுத்த டோஸ் எப்போது, எவ்வளவு என்பதை. செப்சிஸ் என்று, அதாவது தொற்று உடம்பு முழுவதையும் தாக்கிய நிலையில் வருகிறவருக்கு இரத்தக்குழாய் கசிந்து, சேலைனும் ஏறி, கொள்ளளவு கூடித்தான் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு, கிரியாட்டினின் ஏறியிருக்கிறதே என்று பயந்து முதல் ஊசியையே பாதியாக்குவது எனக்கு ஒருபோதும் விளங்காத காரியம். வன்கோமைசினை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்று எல்லோரும் பயப்படுகிற மருந்து. அதற்குக்கூடக் கடும் நோயில் முதல் டோஸ் எடைக்கேற்ப முழுதாகத்தான், சிறுநீரகம் எப்படி இருந்தாலும்.

அடுத்த இரண்டு நாள் ஒரு தனிக்காலம். காய்ச்சலோடு வருகிற வயதானவரின் சிறுநீரகம் கெட்டிருப்பது பலவேளை தண்ணீர் இல்லாமல். பங்குனி, சித்திரை வெயிலில் வயல்கரையில் நின்றுவிட்டு, சாப்பாடும் இறங்காமல், சத்தியும் எடுத்து, பிரஷர் குளிசையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு வருவார்கள். சேலைன் ஏறினால் அந்தச் சிறுநீரகம் திரும்பிவிடும். அமெரிக்காவில் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தொற்றோடு வரும்போதே சிறுநீரகம் கெட்டிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு 48 மணித்தியாலத்துக்குள் அது தேறிவிட்டது என்று காட்டியது. பெனிசிலின், செஃபலோஸ்போரின், மெரோபெனம் வகைக்கு இரண்டு நாள் சற்றுக் கூடிப்போனாலும் அநேகமாகத் தாங்கலாம், குறைந்துபோனால் கிருமி பொறுக்காது. அதனால் அந்த வகையில் முதல் இரண்டு நாள் டோஸை வெட்டுவதற்கு நான் அவசரப்படுவதில்லை. வரும்போதே நாட்பட்ட சிறுநீரக நோய் என்று தெரிந்தவர்களின் கதை வேறு, அவர்களுக்குத் தேறுவதற்குக் காத்திருப்பதில் பயனில்லை.

ஜென்ராமைசின் என்ற அன்ரிபயோட்டிக் ஊசிக்கு இந்தத் தாராளம் கிடையாது. அது சிறுநீரகத்தின் குழாய்க் கலங்களில் போய்த் தங்கும், உள்காதிலும் தங்கும். ஒரு டோஸ் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நாள் கூடக்கூடத்தான் ஆபத்து. சிறுநீரகம் பின்னர் ஓரளவு திரும்பலாம், காதில் சமநிலையைப் பார்க்கிற பகுதி போனால் திரும்பாது. வாட்டை விட்டுப் போன பிறகு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிற அப்புவை வயது போட்டுது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள், ஊசியை ஒருவரும் நினைக்கமாட்டார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வசதியில்லாத இடத்தில் எழுபது தாண்டியவருக்கு அதை நாள்கணக்கில் எழுதுவது எனக்குப் பிடிக்காது.

செஃப்ட்ரையக்ஸோன் என்ற அன்ரிபயோட்டிக் ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் கணிசமான பங்கு பித்தத்தோடும் வெளியேறுவதால் சிறுநீரகத்துக்காக டோஸ் மாற்றத் தேவையில்லை. கணக்குப் போடத் தேவையில்லாத மருந்து என்பதால் எங்கள் நாட்டு வாட்டுகளில் அது சேலைனுக்கு அடுத்தபடி ஓடுகிறது. அது அவ்வளவு ஓடுவதற்குப் பாதிக் காரணம் கிருமி, மீதிக் காரணம் கல்குலேற்றர் என்பது என் அபிப்பிராயம். பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் ரிப்போட்டில் அந்த மருந்துக்குக் கேட்காத கிருமி வந்துவிடும். அப்போது மெரோபெனத்துக்குப் போய், முதல் நாள் தவிர்த்த கணக்கை மூன்றாம் நாள் போடவேண்டியிருக்கும்.

ஆச்சிக்கும் அப்படித்தான் ஆனது. நல்லவேளை, அதற்கிடையில் சலம் எவ்வளவு போகிறது என்று அளக்கச் சொல்லியிருந்தேன். எனக்குக் கிடைக்கிற அளவீடுகளில் மலிவானதும் வேகமானதும் அதுதான். எடையில் ஒரு கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு அரை மில்லிலீற்றர் போகவேண்டும். 38 கிலோவுக்கு மணிக்கு 19, ஆறு மணித்தியாலத்துக்கு 114. ஒரு தேநீர்க் கோப்பையளவும் இல்லை, ஆனாலும் இரவில் அதற்குக் கீழே போயிருந்தது. கிரியாட்டினின் காலையில் 118. ஆண் பெண் எல்லோருக்கும் சேர்த்து அச்சடித்த எல்லையில் 118 இன்னும் தப்பிவிடும், எங்கள் தாளில் சிவப்புக் கோடும் விழவில்லை. ஆனால் 48 மணித்தியாலத்துக்குள் 26.5 மைக்ரோமோல் ஏறினாலே சர்வதேச வரைவிலக்கணப்படி அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. இங்கே ஏறியது 30. இப்படி ஓடிக்கொண்டிருக்கிற எண்ணைச் சூத்திரத்தில் போட்டால் வருவது பொய். எல்லாச் சூத்திரமும் கிரியாட்டினின் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதாக எண்ணித்தான் செய்யப்பட்டது. ஏறுகிறபோது உண்மையான வேகம் கணக்கில் வருவதைவிடக் குறைவு, இறங்குகிறபோது அதைவிட அதிகம். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் அன்றைக்கு எனக்கு வேண்டிய செய்தி.

ஆளுக்கு ஆள் ஒரு பழைய எண் இருந்தால் எவ்வளவு நல்லது! கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றிப் பத்திரமாய்க் கொண்டுவருகிறவர்களைக் கண்டால் எனக்கு அவ்வளவு சந்தோசம். வவுனியாப் பக்கம், செட்டிகுளம், நெடுங்கேணி என்று வருகிற கமக்காரர்களிடம் அந்தக் கொப்பி இன்னும் முக்கியம். தொண்ணூறுகளிலிருந்து அநுராதபுரம், மதவாச்சி, பதவியாப் பக்கங்களில் தெரியவந்த, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் மாவட்ட எல்லை பார்த்து நிற்கவில்லை. அதில் சீனி வருத்தம் இருக்காது, பிரஷரும் ஆரம்பத்தில் இருக்காது, சலத்தில் புரதமும் பெரிதாய் வராது. ஆள் வயலில் நிற்பார், சிறுநீரகம் பாதி போயிருக்கும். அப்படிப்பட்டவர் காலபோகத்தில் எலிக்காய்ச்சலோடு வந்தால், கெட்டது நேற்றா, பத்து வருசமாகவா என்று கொப்பிதான் சொல்லும். எலிக்காய்ச்சலே சிறுநீரகத்தைத் தாக்குகிற நோய். அதற்குப் பாவிக்கிற டொக்ஸிசைக்கிளினுக்குச் சிறுநீரகத்துக்காக டோஸ் மாற்றத் தேவையில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். பெனிசிலின் ஊசி என்றால் பார்க்கவேண்டும், அளவுமிஞ்சித் தேங்கினால் வலிப்பு வரும்.

தசையை நம்பாத அளவீடு ஒன்றும் உண்டு, சிஸ்ரற்றின்-சி. கருவுள்ள எல்லாக் கலங்களும் உண்டாக்குகிற சிறிய புரதம் அது, அதனால் தசை மெலிந்தாலும் அவ்வளவு ஏமாற்றாது. கிரியாட்டினினையும் அதையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது என்று 2024இன் சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. எனக்கு அது ஆசையாக இருப்பது ஷெல்லிலும் மிதிவெடியிலும் கால் போனவர்களுக்காக. 2009இல் நாற்பத்தைந்தாக இருந்தவர்கள் இப்போது அறுபதைக் கடந்துவிட்டார்கள். முழுக்கால் என்பது உடம்பின் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம், முழங்காலுக்குக் கீழே என்றால் 6. அந்தத் தசை இல்லாததால் கிரியாட்டினின் குறைந்து, சிறுநீரகம் திறமாக இருப்பதுபோலக் காட்டும். பொய்க்காலோடு நிறுத்தால் எடையும் கூடிவிடும். ஆனால் எங்கள் ஆய்வுகூடத்தில் அந்தப் பரிசோதனை இல்லை, வெளியே அனுப்பினால் ரிப்போட் வருமுன் ஏழு நாள் மருந்தும் முடிந்துவிடும். கிடைத்தாலும் ஸ்ரெரொயிட், தைரொயிட் கோளாறு, கடும் அழற்சி எல்லாம் அதைக் குழப்பும். ஆகவே எங்களுக்குப் பொய்க்காலைக் கழற்றி நிறுக்கிறதும் சலம் அளக்கிறதும்தான் இப்போதைக்கு.

மறுபக்கத்துப் பொய்யும் உண்டு. கோ-ட்ரைமொக்ஸசோல் என்ற அன்ரிபயோட்டிக்கில் இருக்கிற ட்ரைமெத்தொப்பிரிம், சிறுநீரகக் குழாய் கிரியாட்டினினைச் சலத்துக்குள் தள்ளுவதைத் தடுக்கும். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாமலே எண் ஏறும். பயந்து மருந்தை நிறுத்துவார்கள். அதே மருந்து பொற்றாசியத்தையும் ஏற்றும், லொசாட்டான் போன்ற பிரஷர்க் குளிசை போடுகிற வயதானவருக்கு அது உண்மையான ஆபத்து. எனவே கிரியாட்டினின் ஏறினால் பொற்றாசியத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கவேண்டும்.

ஆச்சியின் சிறுநீரகம் ஏன் இரண்டாம் நாள் இறங்கியது என்பது மகளோடு ஆறுதலாக இருந்து கதைத்தபோதுதான் தெரிந்தது. என்ன குளிசைகள் போடுகிறவ என்று முதல் நாளே கேட்டிருந்தோம், கிளினிக் குளிசைகளைச் சொன்னார். கடையில் வாங்குவது அவருக்குக் குளிசைக் கணக்கிலேயே இல்லை.

"நாரி உளைவுக்கு இடைக்கிடை கடையில வாங்கிக் குடுக்கிறனான். காய்ச்சலுக்கும் அதைத்தான் ரெண்டு நாளாய்க் குடுத்தது. பனடோல் கேக்கேல்லை எண்டு."

டைக்ளோஃபெனக், நோவுக்குப் போடுகிற குளிசை. சலம் போக்கும் குளிசையும் லொசாட்டானும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற உடம்பில், தண்ணீரும் வற்றியிருக்கிறபோது, அது சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தை மேலும் இறுக்கிவிடும். நாங்கள் லொசாட்டானையும் சலக் குளிசையையும் நிறுத்தி, சேலைனைக் கூட்டி, மெரோபெனத்தை 12 மணித்தியாலத்துக்கு அரைக் கிராமாக எழுதினோம், முதல் டோஸ் மட்டும் முழு ஒரு கிராம். கிரியாட்டினின் இறங்கத் தொடங்கிய அன்றே 12 மணித்தியாலத்துக்கு ஒரு கிராமாக்கினோம். மருந்து அட்டையில் வரி மாறும்போதெல்லாம் வாட்டு மிஸ்மாருக்கு வேலை கூடும், அதற்கு அவர்கள் முணுமுணுப்பதில் நியாயமும் இருக்கிறது. மாறாட்டம் தெளிந்து, "எப்ப வீட்டை விடுவியள், மாடு கட்டினபடி நிக்கும்" என்று ஆச்சி கேட்கத் தொடங்கியதும் முணுமுணுப்பு நின்றது.

வீட்டுக்கு விடும்போது கிரியாட்டினின் 80. அந்த எண்ணையும் திகதியையும் 38 கிலோ என்பதையும் கிளினிக் கொப்பியின் முன்மட்டையிலேயே எழுதிக்கொடுத்தேன். டைக்ளோஃபெனக் கொடுக்கவேண்டாம் என்பதை அதற்குக் கீழே தமிழில், கடைக்காரருக்கும் விளங்குகிற மாதிரி. நிறுத்திய இரண்டு குளிசையையும் திரும்பத் தொடங்குவதா என்று பார்க்க, ஒரு கிழமையில் இரத்தம் எடுக்க வரச்சொன்னேன். மகள் பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனார்.